காமகஸ்தூரி விழுது

மைசூர், 1936

மாப்பிள்ளை வால்டருக்கு,

காமகஸ்தூரி இலையை வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். பிந்திப் பறித்தால் வாசனையில் ஒரு கசப்பு வந்துவிடும். உங்கள் மெட்ராஸில் அதைத் திருநீற்றுப்பச்சிலை என்பார்கள். பூக்காரிகளிடம் கேட்டால் கிடைக்கும்.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஹில்டா உங்களுக்கு எழுதிய கடிதங்களில் அடிக்கடி சொன்ன அந்தப் பச்சை விழுதை ஒரு தடவையாவது செய்து சாப்பிட வேண்டும், செய்முறை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளைக் கட்டிக்கொள்ள இருந்தவர் கேட்பது நியாயம்தான். ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நஜர்பாத்தில் ஓர் இத்தாலி எஞ்சினியர் வீட்டில் ஒன்பது வருஷம் நான் சமையல்காரனாக இருந்தது உங்களுக்குத் தெரியும். இது அந்த வீட்டுத் துரைசாணி கற்றுத்தந்தது. அவர் பெஸ்தோ என்பார். இரண்டு கைப்பிடி இலை, நான்கு பல் பூண்டு, கொஞ்சம் கல்லுப்பு. இலையை ஈரத்தோடு போடக்கூடாது, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். அம்மியில் இழுத்து அரைத்தால் கறுத்துவிடும். கல்லுரலில் மெல்ல மெல்ல இடிக்க வேண்டும். அவர்கள் ஊரில் ஏதோ ஒரு மலைமரத்துக் கொட்டையைச் சேர்ப்பார்களாம். இங்கே அது கிடைக்காததால் முந்திரிப்பருப்பு போடச் சொன்னார். ஆலிவ் எண்ணெயும் சீஸும் பெங்களூரிலிருந்து டின்னில் வரும்.

என் வீட்டில் நல்லெண்ணெய். சீஸ் கிடையாது. முந்திரிக்குப் பதிலாக வறுத்த கடலைக்காய், உங்கள் ஊர் வேர்க்கடலை.

முந்திரி எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. ஹில்டாவுக்கு ஆறு வயதில், கிறிஸ்துமஸ் பாயசத்தில் கிடந்த ஒரே ஒரு முந்திரியைத் தின்று உதடு தடித்து மூச்சு இழுத்தது. அன்றோடு என் மனைவி ஜேன் அதை நிறுத்தினாள். மறுவருஷம் காய்ச்சலில் ஜேனும் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஹில்டாவுக்குச் சோறு போட்டது, தலை பின்னியது, பாடம் கேட்டது எல்லாம் நான்தான்.

விழுதைச் சுடுசோற்றில் பிசையலாம். வேகவைத்த உருளைக்கிழங்கில் புரட்டலாம். சேமியாவில் கிளறலாம், ரொட்டியில் தடவலாம். ராகி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வது ஹில்டா கண்டுபிடித்தது.

"துரைசாணி இதைப் பார்த்தா மயங்கி விழுந்துடுவாங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே நான்கு ரொட்டி தின்பாள்.

நர்ஸ் படிப்பு முடிந்து அவளுக்கு மெட்ராஸில் வேலை உத்தரவு வந்தது. உங்களோடு கல்யாணமும் பேசி முடிந்தது. உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, இன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாப்பாயி, கொள்ளேகால்காரி, ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்: "ஏனுங்ணா, புள்ள போயிட்டா இந்தப் பச்சச் சாந்த யாருக்குத் தருவீங்க? எனக்கு வேண்டாஞ் சாமி. மாட்டுக்குப் போடற தழையாட்டம் இருக்குது."

நானும் சிரித்தேன். ஆனால் சரியான கேள்வி. பதினைந்து வருஷத்தில் ஒரு நாள்கூட நான் தனியாகச் சாப்பிட்டதில்லை.

மார்ச் மாதம் அவள் புறப்பட வேண்டிய வாரத்தில் துரைசாணி வீட்டிலிருந்து ஒரு பிடி முந்திரி எடுத்துவந்தேன். சொல்லாமல் எடுத்தது அது ஒன்றுதான். அவள் புறப்படும் நாள் காலையில் கடலைக்காயோடு இரண்டு முந்திரியைச் சேர்த்து இடித்தேன். வித்தியாசம் தெரியவில்லை. துரைசாணி முறைப்படி பார்த்தால் அதுதான் சரியான பக்குவம்.

சாப்பிட்ட சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சு இழுத்தது. உடனே ஓடிப்போய் நான்கு வீடு தள்ளி இருக்கும் டாக்டரைக் கூட்டிவந்தேன். ஊசி போட்டதும் இழுப்பு அடங்கியது. பயணம் நின்றது. ஐந்து நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன், வெந்நீர் வைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்து பைபிள் வாசித்தேன். "நீங்க இல்லேன்னா நான் என்னப்பா ஆயிருப்பேன்" என்றாள். நல்ல நாட்கள் அவை.

ஜூனில் மறுபடியும் தேதி குறித்தார்கள். மறுபடியும் இரண்டு முந்திரி. அந்தத் தடவை ஊசி போட்ட அரைமணியில் எழுந்து உட்கார்ந்து, "இப்போ கிளம்பினா ரயிலைப் பிடிச்சிடலாமாப்பா?" என்று கேட்டாள். டாக்டர்தான் தடுத்தார். மைசூர்க் குளிர், ஆஸ்துமா என்றார். அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை.

செப்டம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து இதுவே கடைசித் தேதி என்று எழுதிவிட்டார்கள். நீங்களே பெங்களூர் ஸ்டேஷன் வரை வந்து அவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. டிரங்குப் பெட்டி வாசலில் இருந்தது. தட்டில் ரொட்டியும் விழுதும் வைத்தேன்.

"கடலைக்காய்தானேப்பா?" என்றாள்.

"ஆமாம்மா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நர்ஸ் படித்தவள், சந்தேகம் வந்திருக்கலாம். ஆனால் தகப்பன் கையால் கொடுத்ததைத் தள்ளிவைக்கும் வளர்ப்பில்லை அவளுடையது. அதில் எனக்குப் பெருமை உண்டு. சாப்பிட்டாள்.

இந்தத் தடவை சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. ஜட்காக்காரன் வெளியே கத்தினான். பாப்பாயி உள்ளே வந்தாள். "அண்ணா, புள்ளைக்கு மூஞ்சியே மாறிப்போச்சுங்க. நான் போய் டாக்டரக் கூட்டியாரட்டுங்களா?"

"ஸ்வல்ப இரும்மா, கொஞ்சம் பொறு. இது வழக்கமா வர்றதுதான்" என்றேன். நான் பெற்ற பெண், எனக்குத் தெரியும் என்று பாப்பாயி நம்பினாள். நின்றுவிட்டாள்.

எங்கள் வீட்டுக்கு ஸ்டேஷன் விசில் கேட்கும். டாக்டர் உடனே வந்தால் ஊசி போடுவார், இவள் எழுந்து ஜட்காவில் ஏறிவிடுவாள். ஆகவே ரயில் முதலில் போக வேண்டும். ஹில்டா என் கையைப் பிடித்திருந்தாள். வாசல் பக்கம் இரண்டு தடவை விரலைக் காட்டினாள். புரிந்தது. பாப்பாயி அழுதுகொண்டே, "அண்ணா, போகட்டுங்களா, போகட்டுங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் இருக்கும். விசில் கேட்டது. எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வந்து அவள் கண்ணை மூடினார். ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்தார். நீங்கள் அந்த ரயிலுக்காகப் பெங்களூர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தீர்கள். பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்ததாக அடக்கத்தின்போது என்னிடம் சொன்னீர்கள். நான் உங்கள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

மூன்று தடவையும் அளவு இரண்டுதான், கூட்டவில்லை. கொல்ல வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இருந்ததில்லை. ஆனாலும் கொன்றது நான். இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுத்தாலும் மறுக்க மாட்டேன். பாப்பாயியை மட்டும் கேள்வி கேட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாம். அன்று முதல் அவள் என் வாசல் பக்கம் வருவதில்லை.

கோபப்படுவீர்கள். கோபம் அடங்கியதும் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். தெரிந்த முகம் இல்லாத மெட்ராஸில், பெற்றவன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவளுக்கு அப்படி ஓர் இழுப்பு வந்திருந்தால், யார் அவளைப் பார்த்திருப்பார்கள்?

இஸ்ரவேல்