குரங்கு மீட்ட குரல்

டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் சுருட்டிய யோகா பாய்.

"குரங்கு புண்ணியத்துல என் குரல் திரும்பி வந்துச்சுடி," என்றாள் அவள்.

"யோகா சொல்லித் தர்றப்போ பூனை மாதிரி பேசுவியே?"

"சத்தம் போட்டா வேலை போயிடும்னாரு ஓனர். இன்னிக்கு கிளாஸ் நடுவுல குரங்கு ஒரு வெள்ளைக்காரம்மா பையைத் தூக்கிச்சு. 'ஏய், கீழ வைடா!'னு கழனியில கத்துற மாதிரியே கத்திட்டேன். போட்டுட்டு ஓடிச்சு."

"ஐயய்யோ! வேலை?"

"எல்லாரும் கைதட்டினாங்க. நாளையிலேர்ந்து நீ நீயாவே சொல்லிக் குடும்மானு ஓனரே சொல்லிட்டாரு."

பேச்சு சுவாரசியத்தில் அவள் இறங்கவேண்டிய அடி அண்ணாமலை நிறுத்தம் தாண்டிவிட்டது.

"அண்ணா, நிறுத்துங்க!" என்று டிரைவருக்குக் கேட்கக் கத்திக்கொண்டே எழுந்தாள் யோகா பாய்க்காரி. பஸ் குலுங்கி நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைக்கவே இல்லை.