மதுரைவீரன் பெல்ட் அணிந்திருந்தால்

நீங்கள் வாசலில் வண்டியை நிறுத்தும்போது கவனித்தேன், மேடம். ஹெல்மெட் போட்டிருந்தீர்கள். ஆனால் தாடைக்குக் கீழே ஸ்ட்ராப்பைப் பூட்டவில்லை. பூட்டாத ஹெல்மெட் விழுகிற அன்று தலைக்கு முன்னால் போய்விடும். தவறாக நினைக்காதீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கம்பெனியில் ஓய்வு பெறும்வரை பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவன் நான். கண் முதலில் அங்கேதான் போகிறது. உட்காருங்கள். மழை விட்டால் ஏரிப் பக்கமிருந்து கொசு வரும். ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

லோகநாயகி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எங்கள் குடியிருப்பில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறார். நான் எதையும் மறுக்கப்போவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். வரிசை குழம்பினால் விபத்து அறிக்கைக்கு மதிப்பில்லை.

திருநின்றவூரில் மலை கிடையாது. ஆனால் இந்த மனைகளைப் போட்டவர்கள் முதலில் பெயரைத்தான் முடிவுசெய்தார்கள், சாரல் ஹில்ஸ் என்று. வீடு வாங்கியவர்கள் மலை எங்கே என்று கேட்க ஆரம்பித்ததும், குளம் தோண்டிய மண்ணையெல்லாம் ஒரு மூலையில் குவித்து, புல் போட்டு, உச்சியில் ஒரு பெஞ்சும் வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு மாடி உயரம் இருக்கும். உயரம்தான் பொய், சரிவு நிஜம். தஞ்சாவூரிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து சாஃப்ட்வேர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் சனிக்கிழமை மாலை அதில் ஏறி நின்று, ஆவடிப் பக்கம் ரயில் போவதைப் பார்ப்பார்கள். மலைக்காற்று என்று போட்டோவும் போடுவார்கள்.

புல் வளர்ந்தால் வெட்ட வேண்டும் அல்லவா. நான் சங்கத் தலைவரானதும் ஒரு பழைய மினி டிராக்டர் வாங்கினோம். திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் ஏதோ மாந்தோப்பில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்டி, ரோல் பார் கிடையாது. ரோல் பார் என்பது இருக்கைக்குப் பின்னாலிருந்து ஓட்டுபவரின் தலைக்கு மேல் எழுந்து நிற்கும் இரும்பு வளைவு. வண்டி கவிழ்ந்தால் எடையை அது தாங்கும். பெல்ட், ஆளை அந்த வளைவின் பாதுகாப்புக்குள்ளேயே பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பாதுகாப்பு. பொம்மை மாதிரி வண்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நான் விடவில்லை. பூந்தமல்லியில் உஸ்மான் கனி என்பவரின் பட்டறைக்கு வண்டியை அனுப்பி, அந்த மாடலுக்கென்றே செய்து சோதித்த பாரை வரவழைத்து மாட்டச் சொன்னேன். கைக்குக் கிடைத்த குழாயை வளைத்து வெல்டிங் வைப்பதை நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. இதை நீங்கள் தவறாமல் குறித்துக்கொள்ள வேண்டும், மேடம். இந்த வட்டாரத்தில் இவ்வளவு பழைய மினி டிராக்டருக்கு ரோல் பார் மாட்டியவன் நான் ஒருவன்தான்.

வண்டி ஓட்ட மதுரைவீரன் வந்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. அதற்கு முன்னால் தண்ணீர் டேங்கர் இழுக்கும் பெரிய டிராக்டர் ஓட்டியவர். அவருடைய மனைவி லோகநாயகி எங்களிடம் பெருக்கும் வேலையில் ஏற்கெனவே இருந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். நான் யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை. அவரையும் வாங்க போங்க என்றுதான் பேசினேன். அவருக்கு அது கூச்சமாக இருந்தது. ஒரே குறை, பெல்ட் போட மாட்டார். இருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டுகிற பழக்கம். “வவுத்த புடிக்குது சார், திரும்பிப் பாக்க முடில” என்பார்.

அவருக்காகவே ஒரு வகுப்பு எடுத்தேன். கம்பெனியில் இருந்தபோது ஊர் ஊராகப் போய் விவசாயிகளுக்குச் செய்து காட்டிய வகுப்பு அது. பொம்மை டிராக்டரின் இருக்கையில் ஒரு முட்டையை நூலால் கட்டி, மேலே கம்பி வளைவு மாட்டி, பலகைச் சரிவில் உருட்டிவிடுவேன். முட்டை உடையாது. அடுத்து, வளைவு இருக்கும், நூல் இருக்காது. முட்டை வெளியே விழுந்து அந்த வளைவுக்கே அடியில் நசுங்கும். மூன்றாவதாக, வளைவைக் கழற்றிவிட்டு முட்டையை மட்டும் இறுக்கிக் கட்டி உருட்டுவேன். அதில் முட்டை பிழைத்ததே இல்லை. வளைவு இல்லாத வண்டியில் பெல்ட் போடாதீர்கள், குதித்துத் தப்பிக்கவாவது வழி இருக்கட்டும் என்று சொல்லி வகுப்பை முடிப்பது வழக்கம். நல்ல கைதட்டல் கிடைக்கும்.

மதுரைவீரனுக்கு முதல் இரண்டை மட்டும் காட்டினேன். அவருடைய வண்டியில்தான் வளைவு இருந்ததே. மூன்றாவது அவருக்குத் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பெல்ட் போடாமல் அவர் சாவியைத் திருப்பியதில்லை. லோகநாயகிகூட, அவுரு ஊட்ல நாற்காலில குந்தனாக்கூட இடுப்ப தடவிப் பாக்குறாரு என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாராம்.

மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வந்தது. மலைக்குப் போகும் பாதையின் தொடக்கத்தில் ஒரு ஆர்ச் கட்டியிருந்தோம். கிரானைட்டில் ‘பாதுகாப்பே முதல்’ என்று பொறித்து, கீழே சங்கத் தலைவர் கிருபாகரன் என்று என் பெயர். சிறப்பு விருந்தினரை டிராக்டரின் பின்னால் டிரெய்லரில் உட்காரவைத்து, ஆர்ச் வழியாக மலையடிவாரம் வரை அழைத்துப்போவதாகத் திட்டம். ஒத்திகை பார்த்தபோது ரோல் பார் ஆர்ச்சில் இடித்தது. ஒரு சாண் அளவுதான். ஆர்ச்சை உயர்த்தலாம், ஆனால் கிரானைட் ஒட்டியாகிவிட்டது. மறுபக்கம் சுற்றிக்கொண்டு போகலாம், ஆனால் கழிவுநீர்த் தொட்டி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. விருந்தினரை அந்த நாற்றத்தின் வழியாக எப்படி அழைத்துப்போவது? மடக்கக்கூடிய பார் இருக்கிறது என்று உஸ்மான் கனி போனில் சொன்னார். வந்து சேர நாளாகும் என்றார்.

எனவே பாரைக் கழற்றினோம். நான் போல்ட்டைக் காட்டினேன், மதுரைவீரன் ஸ்பானர் பிடித்தார். கழற்றியதைத் தரையில் வைத்துவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதை மாற்றாமல் சொல்கிறேன்.

“பார் இல்லாங்காட்டி, பெல்ட்டு மட்டும் போட்டுகினா போதுமா சார்?”

“போதும்” என்றேன்.

பெல்ட் போடாத டிரைவரைப் பாதுகாப்பு வாரத்தில் போட்டோ எடுக்க முடியாது. அந்தப் போட்டோ நன்றாகவே வந்தது. ஓட்டுபவரின் இடுப்பில் பெல்ட், தலைக்கு மேல் கிரானைட் எழுத்து. வேண்டுமானால் காட்டுகிறேன்.

விழா முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் புல் வெட்டப் போகும்போதெல்லாம் அதே ஆர்ச். மாட்டுவதும் கழற்றுவதும் வீண்வேலை என்று தோன்றியது. மடக்கும் பார் வாங்குவது பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிப் பொருளாக வைத்திருந்தோம். கடைசிப் பொருளுக்கு வருவதற்குள் கார் பார்க்கிங் சண்டையில் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். பார் ஷெட்டில் சாய்ந்து கிடந்தது. வாட்ச்மேன்கள் அதில் சட்டை காயப்போட்டார்கள். மதுரைவீரன் இரண்டொரு முறை நினைவூட்டினார். பெல்ட் இருக்கிறதே என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சரிவில் சின்ன டிராக்டரை நேர் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது. அதுவும் என் வகுப்பில் உண்டு. ஆனால் குறுக்கே வெட்டினால் கிரிக்கெட் மைதானம் போல் பட்டை பட்டையாகத் தெரிகிறது. ரோஷினி என்று ஒரு உறுப்பினர், பால்கனியிலிருந்து எடுத்த படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு, தலைவருக்கு நன்றி என்று எழுதியிருந்தார். குழுவில் எனக்கு யாரும் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பின் எப்போதும் குறுக்கேதான்.

சுதந்திர தினக் கொடியை மலையுச்சியில்தான் ஏற்றுவோம். இந்த வருடம் விழாவுக்கு முந்தின நாள் புல் வெட்ட வேண்டியிருந்தது, அதற்கு முன் இரவெல்லாம் மழை பெய்திருந்தது. காலையில் மதுரைவீரன் வந்து, ஈரம் வழுக்குகிறது, மத்தியானமாக அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மத்தியானம் குழந்தைகளின் நடன ஒத்திகை இருந்தது. மெதுவாகப் போங்க என்று சொல்லி, பெல்ட்டை நானே இழுத்துப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டுதான் அனுப்பினேன். கீழே நின்று குழுவுக்காக வீடியோ எடுத்தேன்.

டிராக்டர் கவிழ்வதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேல்பக்கத்துப் பின்சக்கரம் சோலார் விளக்கின் சிமென்ட் பீடத்தில் ஏறியது. வண்டி சாய்ந்தபடியே ஒரு கணம் நின்றது. குதிப்பதற்கு அந்த நேரம் போதும். மதுரைவீரனின் உடம்பு பழைய பழக்கத்தில் மேட்டுப் பக்கமாக எழுந்தது. பெல்ட் அவரைத் திரும்ப உட்காரவைத்தது. அவருடைய கை பக்கிளைத் தேடியது. அது வீடியோவில் தெளிவாக இருந்தது. பிறகு வண்டி பள்ளத்துப் பக்கமாகப் புரண்டது.

நான் போனபோது உயிர் இருந்தது. ஸ்டீயரிங் நெஞ்சின்மேல் அழுத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “பெல்ட்டு அவுரல சார்” என்றார். குறை சொல்கிற மாதிரி இல்லை. ஏதோ தான் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, அதில் ஏற்றுவதற்குள் போய்விட்டார். உங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் என்னிடம்தான் விவரம் கேட்டார்கள். துறை அனுபவம் உள்ளவன் என்பதால் நானே எழுதிக் கொடுத்தேன். ஓட்டுநர் பலமுறை அறிவுறுத்தப்பட்டும் இருக்கை பெல்ட் அணியவில்லை. அதைப் படித்த ஏட்டு, ரொம்பத் தெளிவாக இருக்கிறது சார் என்றார். அந்த வண்டியில் ஒரு காலத்தில் ரோல் பார் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை நான் எழுதவில்லை.

காரியம் முடிந்த பிறகு கேட்டில் ஒரு பேனர் வைத்தோம். மதுரைவீரன் சிரித்தபடி இருக்கும் படம். கீழே, ‘மதுரைவீரன் பெல்ட் அணிந்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பார்.’ வாசகம் என்னுடையது. ஒரு மரணத்திலிருந்து நாலு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா. லோகநாயகி மறுபடி வேலைக்கு வந்தபோது அந்த பேனருக்குக் கீழேதான் பெருக்க வேண்டியிருந்தது. அவருக்குப் படிக்க வரும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த கூட்டத்துக்கு அவர் துடைப்பத்தை வெளியே சாய்த்துவைத்துவிட்டு வந்தார். அழவில்லை. எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“அவுரு பெல்ட்டு போட்டுகினுதான் சார் இருந்தாரு. குளிப்பாட்ட சொல்லோ நான் பாத்தேன். இடுப்ப சுத்தி வார் தடம் கீது. உங்க பேச்ச அவுரு மீற மாட்டாரு சார். எனுக்கு வேற ஒண்ணியும் வாணாம். அந்த எழுத்த மட்டும் எட்த்துருங்க.”

உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று சொல்லி, கோரிக்கையை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். யாரோ அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் குடிக்காமல் போனார். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்க வந்தது அந்தத் தடத்தைப் பற்றித்தானே. லோகநாயகி சரியாகத்தான் பார்த்திருக்கிறார். பெல்ட்டை அவிழ்த்தது நான். பெல்ட் அவிழவில்லை என்று மதுரைவீரன் சொன்னபின் சுற்றிலும் பார்த்தேன், இன்னும் யாரும் ஓடிவரவில்லை. குனிந்து சிவப்புப் பட்டனை அழுத்தினேன். உடனே விட்டுக்கொடுத்தது. பக்கிளில் எந்தக் கோளாறும் இல்லை. அவருடைய கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். வாரை இழுத்து, போடாமல் விட்டதுபோல் இருக்கைக்குப் பின்னால் செருகினேன். வீடியோவை அழித்தேன். பிறகுதான் 108-க்குப் போன் செய்தேன். அவ்வளவு நேரமும் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருப்பார்.

பாரைக் கழற்றியது, போதும் என்று சொன்னது, ஈரத்தில் குறுக்கே ஏற்றியது, எல்லாம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உயிரோடு இருக்கிற மனிதரை விட்டுவிட்டு முதலில் பெல்ட்டை ஏன் கவனித்தீர்கள் என்று நீங்கள் கேட்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு என்னைப் பற்றிய நினைப்பே இல்லை. பெல்ட் போட்டதால் ஒருவர் செத்தார் என்று வெளியே தெரிந்தால், அதற்கப்புறம் இந்த ஊரில் யார் பெல்ட் போடுவார்கள், மேடம்?