மற்ற மூவரும் திரும்பிப் போனார்கள்

படி ஏறுவது உடம்புக்கு நல்லது, ஐயா. அலுவலகம் ஐந்தாவது மாடியில் இருந்தாலும் நான் பெரும்பாலும் லிஃப்டைத் தொடுவதில்லை.

பதினோரு வருடமாக அங்கே ஆள் எடுக்கும் வேலை எனக்கு. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வேண்டாம் என்பது முதலாளியின் விருப்பம். அதை எழுத்தில் போட முடியாது, சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்தவர்களைக் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள், மடிப்புக் கலையாத சட்டையும் தலைக்குச் சாயமுமாக. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதனால் அவர்களுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்கினேன். அன்று லிஃப்டை நிறுத்திவிட்டு, 'பழுது' என்று கீழே ஓர் அட்டை மாட்டுவேன். பலர் அதைப் பார்த்ததுமே வந்த வழியே போய்விடுவார்கள். என் சன்னலிலிருந்து தெரியும். 'வரவில்லை' என்று குறித்துக்கொள்வேன். யார் மனமும் நோகாது.

போன மாதம் மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். நான்காவதாக வந்த கிடங்குக் கண்காணிப்பாளர் ஏறினார். வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் வேலை பார்த்த கிடங்கை இழுத்து மூடிவிட்டார்களாம். நான்காவது மாடித் திருப்பத்தில் காலடிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். ஃபைலை மடியில் வைத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சார், நெஞ்சை அடைக்குது. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"இருங்க, கொண்டு வரேன்" என்றேன்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். தண்ணீர் மேசைமேலேயே இருந்தது. குடித்தால் தெம்பு வந்து ஏறிவிடுவார். ஏறிவிட்டால் கேள்வி கேட்க வேண்டும். கேட்டால் அவரை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்காது, அவருடைய அனுபவம் அப்படி. இரண்டு தடவை கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

பதினொன்றரைக்கு அவர் மனைவி போன் செய்தார்.

"உள்ள போயிட்டாரா சார்? போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

"இன்னும் வரலைம்மா" என்றேன். பொய்யில்லை. ஐந்தாவது மாடிக்கு அவர் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் படி பெருக்கும் அம்மா போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

லிஃப்டை நிறுத்தியது நான்தான். அவர் அங்கே கிடப்பது தெரிந்தும் ஒன்றரை மணி நேரம் கதவைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். ஆனால் வயதைக் காட்டி நான் யாரையும் ஒதுக்கியதில்லை, ஐயா. அதை விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.