கலியாண வீட்டுப் படங்கு

1956 மார்ச் 14, புதன். வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, ஏழு மணிக்குக் கல்முனை பஸ்ஸுக்காக நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு வயல்காரர்கள். மூத்தவர் சொன்னார்:

“மாப்பிள்ள நனஞ்சாரு மச்சான், என்ட நெல்லு நனயல்ல. அல்ஹம்துலில்லாஹ்.”

“உன்ட தார்ப் படங்கத்தான் கலியாணப் பந்தலுக்கு மேல விரிக்கக் குடுத்தாயே?”

“ஓம். நேத்து மழ இருட்டிச்சு. சூடடிச்ச நெல்லு முழுக்க ஊட்டு முத்தத்தில குவிஞ்சி கிடக்கு. குடுத்ததத் திருப்பிக் கேக்க வெக்கம். சும்மா போய்ப் பந்தலடியில நிண்டன்.”

“நல்லா நிண்டாய்!”

“பொண்ணுட வாப்பா இருண்ட மானத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. ‘நனஞ்சா மனிசன் காஞ்சிருவான், நெல்லு முளச்சிருமேடா’ எண்டு அவரே ஏறி அவுத்தாரு.”

“மாப்பிள்ள?”

“பட்டுச் சால்வையோட வந்து, படங்குட ஒரு மூலையப் புடிச்சிட்டு என்ட ஊடு மட்டும் ஓடி வந்தாரு.”

பஸ் வந்தது.

15ஆம் திகதி காலை, முதல் வேலையாக, பரணில் கிடந்த என் படங்கை இறக்கி வெயிலில் விரித்து, யாரும் கேட்டால் கொடுக்க, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன்.