சபாரி காரில் ஒரு சொல்லில்லை

"சிங்கம் மிரண்டிடும் எண்டுதான் அம்மாவும் அப்பாவும் காருக்குள்ளை கதைக்கேல்லையாம். என்ரை பிள்ளையள் அப்பிடித்தான் நினைச்சிட்டுதுகள், அக்கா."

ரானுயி ஸ்டேசனில் ரயில் ஏறிய சகோதரிகளில் தங்கை சொன்னாள். நான் பின் சீட்டில். பள்ளிக்கூடம் போகாதவன், என் காது மட்டும் பட்டம் வாங்கியது.

"ஆபிரிக்காவிலை நிண்ட நாள் முழுக்கவோ?"

"ஓம். அவர் கார் ஓட, நான் பக்கத்திலை. சிறுத்தை ரோட்டைக் கடக்கேக்கையும் ரெண்டு பேரும் வாய் திறக்கேல்லை."

"பிரியப்போறம் எண்டு இனியாவது பிள்ளையளுக்குச் சொல்லு. சனிக்கிழமை அவர் மங்கரேயிலை வேறை வீட்டுக்குப் போறாரெல்லே."

"எப்பிடியக்கா சொல்ல? நேற்று நாங்கள் ரெண்டு பேரும் குசினிக்கை நிண்டம். சின்னவள் தமையனை 'ஷ்' எண்டு அடக்கிப்போட்டு, கதவடியிலை, சபாரியிலை மாதிரி, அசையாமல் நிண்டு எங்களையே பாத்துக்கொண்டிருந்தாள்."