எதிரே சாய்ந்த முதுகு

மதியம் இரண்டே முக்கால். சாணார்பட்டி தாண்டி, கரந்தமலைக்குள் ஏறுகிற ஒற்றையடிப் பாதை. ஆள் நடமாட்டமே கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அன்றைக்கு மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். பேய் வருகிற நேரமா இது என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீபன்ராஜ், நாளைக்கு மலைக்கு எடுத்துப்போக நீ மடிக்கிறாயே ஆரஞ்சுப் பை... அதேபோல ஒன்றுதான் தப்ரேஸிடமும் இருந்தது.

தப்ரேஸ், பேகம்பூரில் என் பக்கத்துக் கடை இஷாக் பாயின் மச்சினன். மலை என்றால் அவனுக்கு உயிர். ஆனால் பை மாதிரி இருக்கிற அந்த அவசரக் கூடாரம் இல்லாமல் கிளம்ப மாட்டான். மடித்தால் பரோட்டாப் பொட்டலம் அளவு. கம்பு கிடையாது, கயிறு கிடையாது. இரண்டு பேர் உள்ளே எதிரெதிராக உட்கார்ந்து, துணியில் முதுகைச் சாய்த்தால்தான் நிற்கும். தனி ஆள் போர்த்தினால் தொளதொளவென்று முகத்தில் விழும்.

கூடப் போனவன் முகேஷ்குமார். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. ஓடையைப் படம் எடுக்கிறேன் என்று கொஞ்சம் பின்தங்கிவிட்டான். அப்போது... டப். பாறையில் ஏதோ விழுந்தது. டப், டப். ஆலங்கட்டி! ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு.

“முகேசு, ஓடியாடா!” என்று கத்திவிட்டு, தப்ரேஸ் பையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான். துணி முகத்தில் அப்பியது. கையால் தூக்கிப் பிடித்தான்... சடாரென்று எதிர்ப்பக்கம் விறைத்தது. யாரோ முதுகைச் சாய்த்துவிட்டார்கள்.

“வந்துட்டியாடா?”

நிமிர்ந்து பார்த்தான். எதிரே யாருமே இல்லை. துணி மட்டும் வெளிப்பக்கம் உப்பியிருந்தது. உள்ளே பச்சைத் தோலின் வாடை. அப்புறம்... மூச்சு. சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக.

ஸ்டீபன்ராஜ், டார்ச்சை அணைக்கிற வேலை வேண்டாம். எரியட்டும்.

அந்த நேரம் பார்த்து வெளியே முகேஷின் குரல். “மாப்ள, துணியத் தூக்குடா! மண்டை ஒடஞ்சிருச்சுடா!”

தப்ரேஸ் ஓரத்தைத் தூக்கக் குனிந்தான். முழங்காலில் விழுந்தது ஓர் உதை. அடுத்தது வயிற்றில். மூச்சு அடைத்துப் போனது. அதற்குள் முகேஷே துணியைத் தூக்கித் தலையையும் நெஞ்சையும் உள்ளே நுழைத்துவிட்டான்.

மடக்.

நெஞ்சில் உதை வாங்கி முகேஷ் பின்பக்கமாகப் பாறையில் போய் விழுந்தான். மறுபடி தவழ்ந்து வந்தான். தப்ரேஸ் அவன் கையைப் பிடித்து இழுத்தான். மடக். கை உருவிக்கொண்டு போனது. “ஏன்டா மிதிக்கிற... நான்தான்டா...” என்று முகேஷ் அழுதது மட்டும் கேட்டது. தப்ரேஸ் எழப் பார்த்த ஒவ்வொரு தடவையும் உதை. அவன் பல் ஒன்று உடைந்து மடியில் விழுந்தது.

கல்மழை நின்றது. துணி தானாகத் தொய்ந்து விழுந்தது. வெளியே ஆலங்கட்டிகளுக்கு நடுவே முகேஷ் அசைவில்லாமல் கிடந்தான். கட்டி கரைந்த தண்ணீர் சிவப்பாக ஓடியது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, அழுதபடியே தப்ரேஸ் தார்ச்சாலை வரை இறங்கினான்.

முகேஷ் பிழைத்தான். மண்டையில் பதினோரு தையல். விலாவில் இரண்டு முறிவு. கண் விழித்ததும், தப்ரேஸ் தன்னை உள்ளே விடாமல் மிதித்தான் என்றுதான் சொன்னான். தப்ரேஸ் அல்லா மேல் ஆணையிட்டுப் பார்த்தான். யார் நம்புவார்கள்? முகேஷின் அப்பா போலீசுக்குப் போவதாக நின்றார்.

மன்னிப்புக் கேட்க இஷாக் பாய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். முகேஷ் சட்டையை விலக்கிக் காட்டினான்.

“பாருங்க பாய், ஒங்க மச்சினன் மிதிச்ச மிதிய. இம்புட்டு வருசப் பழக்கத்துக்கு இதான் மிச்சம்.”

நெஞ்சில் கருநீலமாக ஒரு கால்தடம். குதிகால், ஐந்து விரல், ஒன்றுவிடாமல் பதிந்திருந்தது. இஷாக் பாய் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.