புல்லை மிதிக்காதீர்கள்

சனிக்கிழமைதோறும் மண்வெட்டியோடு இறங்கிவிடுவோம், இன்ஸ்பெக்டர் சார். ஓசூர்க் குளிருக்கு அந்த வேலை உடம்புக்கு நல்லது. எங்கள் குடியிருப்பின் விளையாட்டுத் திடல் அப்போது முள்ளும் குப்பையுமாகக் கிடந்தது. கம்பெனியில் நான் எலெக்ட்ரிகல் ஃபோர்மேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களைச் சேர்த்து நற்பணிக் குழு அமைத்தவன் நான்தான். முள்ளை வெட்டினோம். பெங்களூரிலிருந்து புல் வாங்கிவந்து நட்டோம். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் பச்சைப் பெயிண்ட் அடித்தோம்.

எல்லாம் அழகாக வந்ததும் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒரே வாரத்தில் சறுக்குமரத்தில் பெயிண்ட் போய்விட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஊஞ்சலைச் சங்கிலியால் கட்டிப் பூட்டினேன், சுற்றிலும் கம்பிவேலி போட்டேன். அதன்பிறகுதான் திடல் பார்க்கும்படி இருந்தது.

கெம்பம்மா எங்கள் வீடுகளுக்குத் துணி துவைப்பவள். அந்த வேலியில் துணி காயப்போட்டாள். ஒருநாள் குழுவினர் எல்லோரும் இருக்கும்போது கேட்டேன்.

“இது பிள்ளைங்க விளையாடுற இடம்னு தெரியாதா?”

“எந்தப் புள்ள சார் வெளையாடுது? நீங்கதான் பூட்டு போட்டுட்டீங்களே. துணியாச்சும் காயட்டும், வுடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் என்னோடு இருந்த சின்னராஜ் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அது இன்னும் மோசம்.

மாவட்டத்தின் சிறந்த பூங்காவுக்குப் பரிசு உண்டு, அதைத் தேர்ந்தெடுக்கக் கலெக்டர் ஆபீசிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. உத்தனப்பள்ளிப் பக்கம் காட்டுப்பன்றிக்காக வேலியில் கரண்ட் விடுவதைப் பார்த்திருக்கிறேன். பம்ப் அறையிலிருந்து ஒயர் இழுத்தேன். ஆடுமாடு வராமலிருக்க, ராத்திரிக்கு மட்டும் என்று குழுவில் சொன்னேன். விடிந்ததும் நானே போய் அணைத்துவிடுவேன். ஒருநாளும் தவறியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். சின்னராஜ் உங்களிடம் சொன்னது சரிதான், நான் பம்ப் அறையில்தான் இருந்தேன். ஜன்னல் வழியாகக் கெம்பம்மா தெரிந்தாள். தோளில் நனைந்த போர்வையோடு வேலியை நோக்கி வந்துகொண்டிருந்தாள். என் கை சுவிட்சில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். எனக்குப் பொய் பழக்கமில்லை. கையை எடுத்துக்கொண்டேன். கூப்பிட்டிருக்கலாம்தான். ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்தில் தூங்குவார்கள். அவள் போர்வையை வேலிமேல் விரித்தாள். அவள் விழுந்த பிறகு சுவிட்சை அணைத்தேன். அடுத்தவர் போய்த் தொட்டுவிடக் கூடாதல்லவா.

பரிசு எங்களுக்குத்தான் கிடைத்தது. திடலுக்குக் கெம்பம்மா பெயரை வைக்கலாம் என்று கூட்டத்தில் முன்மொழிந்தவன் நான். ரிப்பன் வெட்ட அவள் மகள் மாரம்மாவையே கூப்பிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது அந்தப் பெண். நீங்கள் பாட்டுக்குக் கொலை என்று எழுதுகிறீர்களே சார், அதைக் கேட்டால் அவள் மனசு என்ன பாடுபடும்?